முதல் பிரதி

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில், நம் பங்கு நூலகத்தின் நீண்ட மேசையைச் சுற்றி எண்மர் கூடுவது வழக்கம். நிழற்படம் எடுப்பதிலும் பார்ப்பதிலும் உள்ள விருப்பம் ஒன்றே அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. மூன்று தலைமுறையாக ஸ்டூடியோ நடத்திவரும் அண்ணாச்சி ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியை ஒருவர், சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பல கடல் கடந்து, பின் ஊரோடு தங்கிவிட்ட இளைஞர் ஒருவர், இன்னும் மூவர், எட்டாமவர் நாம். அவரவர் படங்களை மேசைமேல் பரப்பி, பார்த்து, பேசி, சில வேளை குரல் உயர்த்தி வாதிட்டு, சுக்குக் காபியோடு கலைவோம். இந்தச் சிறு கூட்டத்தில் நாம் செய்த ஒரு பிழையையும் அதனால் கற்ற ஒரு பாடத்தையும் இங்கே எழுத விரும்புகிறோம். எழுதுவதற்கு உரியவரிடம் ஒப்புதல் பெற்ற பின்னரே எழுதுகிறோம்.

நிழற்படப் பித்து நமக்குக் குருமடத்திலேயே பிடித்தது. இறையியல் பயின்ற நாள்களில், முதிய பேராசிரியக் குரு ஒருவர் தம் பார்வை மங்கியபின், தம்முடைய யாஷிகா மேட் கேமராவை நம் கையில் கொடுத்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக இரு கண்கள் கொண்ட பெட்டி அது. மேற்கண், படம் எடுப்பவர் பார்ப்பதற்கு, கீழ்க்கண், படச்சுருளுக்கு. வயிற்றருகே வைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் கண்ணாடித் தகட்டில் உலகம் இடவலம் மாறித் தெரியும். எதிரே நிற்பவர் வலப்புறம் நகர்ந்தால் அவர் உருவம் இடப்புறம் நகரும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் பொதுத்துறை ஆலை செய்த 'இந்து' என்னும் பெயருடைய சுருளை வாங்கக் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைப்போம். அதனால் ஒரு படம் எடுக்குமுன் நெடுநேரம் நிற்போம்.

கழுவி வந்த படங்களை அந்த முதியவரிடம் கொண்டு செல்வோம். அவர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒளி சரியா, குவியம் சரியா என்று நாம் காத்திருப்போம். அவர் கேட்பதோ வேறு: "இவர் பெயர் என்ன?" பெயர் தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை ஒன்றும் சொல்லாமல் ஒருபுறம் ஒதுக்கிவிடுவார். அப்போது அதை முதுமையின் பிடிவாதம் என்றே எண்ணினோம்.

அந்தக் கேமராவின் வகையைத்தான் 'மீடியம் ஃபார்மட்' என்பர். படச்சட்டத்தின் அளவால் வந்த பெயர் அது. கோடாக் நிறுவனம் 1901-இல் கொண்டுவந்த 120 என்னும் சுருள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுடையது. அதில் விழும் சதுரப் படத்தை 'ஆறுக்கு ஆறு' என்று சொல்வது வழக்கம். உண்மை அளவு பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். பிற்காலத்தில் வீடுதோறும் புகுந்த 35 மி.மீ. சுருளின் படச்சட்டமோ 36-க்கு 24 மி.மீ. பரப்பளவை ஒப்பிட்டால் பழைய சதுரம் மூன்றரை மடங்குக்கும் மேல். நெகட்டிவ் பெரிதாயின் அதைக் குறைவாகப் பெருக்கினாலே போதும். ஆகவே படம் கரடுமுரடு இன்றி, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல மெல்ல இறங்கும். ஜெர்மனியில் 1929-இல் பிறந்த ரோலிஃப்ளெக்ஸும், ஸ்வீடனில் 1948-இல் விற்பனைக்கு வந்த ஹாசல்பிளாடும் இக்குடும்பத்தின் மூத்த பிள்ளைகள்.

ஹாசல்பிளாடின் புகழ் மண்ணோடு நிற்கவில்லை. 1968 டிசம்பர் 24 அன்று, அப்பல்லோ 8 விண்கலம் நிலவைச் சுற்றிவந்தபோது, நிலவின் விளிம்புக்கு மேலே நீலப் பூமி எழுவதை வில்லியம் ஆண்டர்ஸ் படமாக்கியது அத்தகைய கேமராவால்தான், 70 மி.மீ. சுருளில். அதே கிறிஸ்து பிறப்பு விழிப்பு நாளில் அம்மூவரும் தொடக்கநூலின் படைப்பு வரலாற்றை வானிலிருந்து வாசித்து உலகுக்கு ஒலிபரப்பினர். அடுத்த ஆண்டு அப்பல்லோ 11 பயணத்தில், திரும்பும்போது எடையைக் குறைக்க வேண்டி, நிலவின் தரையில் பயன்படுத்திய கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, படச்சுருள் இருந்த பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். கருவியைக் கைவிட்டுப் படத்தைக் காப்பாற்றிய அந்தச் செய்தியை நம் குழுவில் பலமுறை சொல்லி மகிழ்ந்திருக்கிறோம். அதன் பொருள் நமக்கே புரியவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

சுருள் போய் ஒளியுணரி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் செய்த முதல் டிஜிட்டல் முதுகுத்தகடு 40 லட்சம் படப்புள்ளிகளே கொண்டது. வண்ணப் படம் வேண்டுமாயின் மூன்று வடிகட்டிகளின் வழியே மூன்று தடவை எடுக்க வேண்டும். அசையாப் பொருளுக்கு மட்டுமே உதவும். பிறகு வளர்ச்சி விரைந்தது. பென்டாக்ஸ் 645டி 2010-இல் 4 கோடிப் புள்ளிகளோடு வந்தது. ஹாசல்பிளாட் எக்ஸ்1டி 2016-இலும், ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2017-இலும் 5 கோடிப் புள்ளிகளோடு, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் அளவுக்குச் சிறுத்து வந்தன. 2019-இல் ஜிஎஃப்எக்ஸ் 100 அதை 10 கோடியே 20 லட்சமாக்கியது.

நம் கப்பல் இளைஞர் தம் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து, 2021-இல் வெளிவந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் ஒன்றை வாங்கி வந்தபோது, மேசையைச் சுற்றி நின்ற எண்மரும் குழந்தைகளானோம். வங்கி அலுவலர் விலையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். பேராசிரியை உடனே கணக்குக்குப் போனார். இதன் ஒளியுணரி ஏறத்தாழ 44-க்கு 33 மி.மீ.; 35 மி.மீ. சட்டத்தைவிட 1.7 மடங்கே பெரிது; யாஷிகாவின் சதுரத்தில் பாதிகூட இல்லை; இதை மீடியம் ஃபார்மட் என்று அழைப்பது எப்படித் தகும் என்றார். அண்ணாச்சி, "பேரு கெடக்கட்டும் டீச்சர், தோலோட நிறத்தைப் பாருங்க" என்று திரையைக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியிலும் 65,536 ஒளிப்படிகளைப் பதியும் 16 பிட் கோப்பு. சுருக்காமல் சேமித்தால் ஒரு படத்துக்கு 200 மெகாபைட்டுக்கு மேல். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 39 அங்குல நீளமும் 29 அங்குல அகலமும் வரும். அந்த மாதம் சுக்குக் காபி ஆறிப்போனது.

ஆயினும் அன்று முதல் நம் உரையாடலின் தன்மை மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் படத்தைப் பார்த்துப் பேசினோம். இப்போது படத்துக்குள் புகுந்து பேசலானோம். திரையில் முழுப் படம் தோன்றிய கணமே யாராவது ஒருவர், "பெரிதாக்குங்கள், பெரிதாக்குங்கள்" என்பார். தேர் படம் வந்தால் தேரைப் பாரோம். வடத்தின் நார் தெரிகிறதா என்று பார்ப்போம். கடல் வந்தால் அலையைப் பாரோம்; தொலைவுப் படகின் பதிவு எண்ணை வாசிப்போம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இளைஞர் அதே படத்தைக் கைப்பேசியில் உறவினருக்கு அனுப்புவார். செயலி அதைச் சுருக்கிச் சுருக்கி 20 லட்சம் புள்ளியாக்கினால், ஐம்பதில் ஒரு புள்ளியே போய்ச் சேரும். அங்கே அது சாதாரணக் கைப்பேசிப் படத்தோடு படமாகக் கலந்துவிடும். ஆகவே அந்தக் கேமராவின் பெருமை, கருவியை அறிந்த நம் எண்மரின் மேசையில் மட்டுமே வாழ்ந்தது. நாம் படங்களைப் பகிர்ந்துகொண்டதாக எண்ணினோம். பகிர்ந்துகொண்டது பெரும்பாலும் வியப்பை மட்டுமே.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இளைஞர் ஒரு படம் கொண்டுவந்தார். நம் கடற்கரையின் உப்பளம் ஒன்றில், சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த படம். அறுபதைக் கடந்த பெண் ஒருவர் உப்புக் குவியலின் அருகே நிற்கிறார். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை. தலையில் சுற்றிய துணி ஒருபக்கம் சற்றே நழுவியிருக்கிறது. வேலையை நிறுத்தி நிமிர்ந்து, கேமராவை நேரே பார்க்கிறார். முகத்தில் சிரிப்பு தொடங்குகிறதா முடிகிறதா என்று சொல்ல இயலாது.

படம் எடுப்போருக்கு உப்பளம் ஒரு சோதனைக்களம். கண் கூசும் வெண்மை ஒருபுறம். வெயிலில் கறுத்த மேனி மறுபுறம். உப்பைக் காப்பாற்றினால் முகம் இருண்டு போகும். முகத்தைக் காப்பாற்றினால் உப்பு வெறும் வெள்ளைத்தாளாகும். இந்தப் படத்தில் இரண்டும் இருந்தன. உப்பின் ஒவ்வொரு மணியும் தனித்தனியே மின்னியது; முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தன் நிழலோடு நின்றது. எண்மரும் சில நொடி பேச்சற்றிருந்தோம். அந்த மௌனத்தை இன்னும் சிறிது நீட்டியிருக்கலாம்.

"பெரிதாக்குங்கள்" என்றது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாமேதான்.

கருவிழி திரையை நிறைத்தது. அதற்குள் உப்புக் குவியலும், அதன் முன்னே கேமராவை ஏந்திக் குனிந்து நிற்கும் இளைஞரும் தெரிந்தனர். ஆரவாரம் எழுந்தது. பிறகு கைக்குப் போனோம்; விரல் வெடிப்புகளில் உப்பு படிந்திருந்தது. கால்களுக்குப் போனோம். பிறகு துணி நழுவிய இடத்தில் காது வந்தது. காதுத் துளையில் தோடு இல்லை. ஒரு சிறு குச்சி செருகப்பட்டிருந்தது. "துடைப்பக் குச்சி" என்றார் வங்கி அலுவலர். "அதன் நாரைப் பாருங்கள்!" என்றார் பேராசிரியை. நார் இழை இழையாகத் தெரிந்தது. லென்ஸின் பிரித்தறியும் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்றோம் நாம். அண்ணாச்சி மட்டும் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். குச்சியின் நாரை எண்ணிய எண்மரில் ஒருவரும், அந்த அம்மையாரின் பெயரைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் பங்குத் திருவிழா. பங்கு மன்றத்தில் ஒரு நிழற்படக் கண்காட்சி வைக்கலாம் என்பது நம் யோசனை. உப்பளப் படத்தை வாயிலுக்கு நேரே மாட்ட வேண்டும் என்று வற்புறுத்தியதும் நாமே. இளைஞர் சற்றுத் தயங்கினார்: "எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் எடுத்தேன் ஃபாதர், ஆனால் மாட்டுவதற்குக் கேட்கவில்லை." எடுத்த அன்றே அவருக்குக் காட்டினீர்களா என்று கேட்டோம். கேமராவின் பின்புறத் திரையில் காட்டினாராம், அவரும் சிரித்தாராம். அது போதாதா என்று நாம் தீர்ப்புச் சொன்னோம். அந்தத் திரையின் குறுக்களவு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். சுவரில் நாம் மாட்டியதோ 39 அங்குலம். தீப்பெட்டி அளவுக்குக் கொடுத்த ஒப்புதலைக் கதவின் அளவுக்கு நீட்டிக்கொள்ள நமக்கு யார் உரிமை கொடுத்தார்?

அசன விருந்து நாளில் ஊரே மன்றத்துக்கு வந்தது. படத்தின் முன் கூட்டம் நின்றது. அந்த அம்மையாரின் வீட்டாரும் வந்தனர்: மீன்பிடித் துறைமுகத்தில் கூலிவேலை செய்யும் மகன், மருமகள், செவிலியர் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்த பேத்தி. முதலில் மகிழ்ச்சிதான். "நம்ம ஆத்தாவா இது!" என்று உறவினர் ஒருவர் வியந்தார். பிறகு அவரே இன்னும் இரண்டு அடி முன்னே போய், உரத்த குரலில், "காதுல என்ன, துடைப்பக் குச்சியா? தோடு எங்க போச்சு?" என்றார்.

மகன் அருகே போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விருந்துக்கு அமராமல் வெளியே போய்விட்டார்.

நடந்ததைப் பின்னர் அறிந்தோம். தோடு அவருடைய கணவர் போட்டது. கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பேத்தியின் முதலாண்டுக் கட்டணத்துக்கு வழியின்றி மகன் தவித்தபோது, "பெட்டியில கொஞ்சம் சேத்து வச்சிருந்தேன்" என்று சொல்லிப் பணத்தை நீட்டியிருக்கிறார் தாய். உண்மையில் தோட்டை அடகு வைத்திருந்தார். உப்புக்காற்றுக்குப் பொன் ஆகாது, கழற்றி வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவந்தார். துளை தூர்ந்துவிடாதிருக்கக் குச்சி. தலையில் எப்போதும் துணி. ஓராண்டாக ஒருவரும் அறியாமல் காத்த அந்த இரகசியத்தை, நாம் சட்டமிட்டு, விளக்குப் போட்டு, வாயிலுக்கு நேரே மாட்டியிருந்தோம்.

கூட்டம் சற்றுக் கலைந்தபின் அந்த அம்மையார் நம்மிடம் வந்தார். கோபம் இல்லை. அதுவே நமக்கு மிகவும் பாரமாயிற்று. "படம் நல்லாத்தான் இருக்கு சாமி," என்றார். "ஆனா மொதல்ல எங்கிட்ட காட்டியிருக்கலாம்லா?"

அன்று மாலையே படத்தை இறக்கினோம். இளைஞரோடு அவர் வீட்டுக்குப் போனோம். மகன் இன்னும் வீடு திரும்பவில்லை. கடுங்காபி கொடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்கென்று நாம் வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள், அவர் முன்னே ஒன்றும் உதவவில்லை. இளைஞர் கண்கலங்கி, "கோப்பையே அழித்துவிடுகிறேன் அம்மா" என்றார். அவர் தலையை அசைத்தார்: "அழிச்சுராத ராசா. மூஞ்சி நல்லா வந்திருக்கு. பேத்தி படிச்சு முடிக்கட்டும். தோடு காதுக்கு வரட்டும். அப்புறம் போடு."

ஒரு வாரம் கழித்து மகன் நம்மைக் காண வந்தார். நம்மைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். கடிந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் சொன்னார்: "அடகு வச்சது கூட பெருசில்ல ஃபாதர். ஒரே வீட்டுல இருக்கேன். தெனமும் அது கையால சாப்பிடுறேன். நான் பாக்கல. சுவத்துல மாட்டினப்புறம்தான் பாத்தேன்."

இச்சொல்லை நாம் எளிதில் கடந்து போக முடியவில்லை. படம் தீங்கு செய்தது என்று மட்டும் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தப் படமே ஒரு மகனுக்குத் தாயைக் காட்டியது என்பதும் உண்மை. பார்த்தவர்களில் அவர் ஒருவரே குச்சியைக் கண்டதும் குச்சியோடு நிற்காமல் தாயிடம் போனவர். நாம் எண்மரும் குச்சியோடு நின்றுவிட்டோம். கருவி ஒன்றே, படம் ஒன்றே, பார்வைதான் வேறு.

பெரிதாக்கிப் பார்ப்பது நெருங்கிப் பார்ப்பது அன்று. திரையில் ஒரு முகத்தின் நூறில் ஒரு பகுதியைக் காணும்போது, எஞ்சிய தொண்ணூற்றொன்பது பகுதியும் நம் கண்ணைவிட்டு அகன்றுவிடுகின்றன. கன்னத்தைக் காண்கிறோம், முகத்தைக் காண்பதில்லை. மனிதர் இறைவனின் சாயல் என்று பயின்றவர் நாம். பல ஆண்டுகள் பிறருக்கும் பயிற்றியவர். சாயல் என்பது முழுமையில் இருப்பது, துண்டில் இருப்பதன்று என்பதை ஓர் உப்பளப் பெண்மணியின் காது நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினோம். அண்ணாச்சி அன்று தம் தந்தையின் ஸ்டூடியோவைப் பற்றிச் சொன்னார். படம் எடுக்க வருவோர் முதலில் கண்ணாடி முன் நிற்பார்கள். சீப்பும் பவுடரும் அங்கே இருக்கும். கோட்டு இல்லாதவருக்கு ஸ்டூடியோவின் கோட்டு. நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார் அவர் தந்தை. அதை 'டச்சிங்' என்பார்கள். தோடு இல்லாத காதுக்குப் பென்சிலாலேயே ஒரு தோடு வைத்துக் கொடுத்ததும் உண்டாம். "அது பொய்யில்லையா அண்ணாச்சி?" என்று பேராசிரியை கேட்டார். அண்ணாச்சி சிறிது யோசித்தார். "பொய்தான் டீச்சர். ஆனா கேட்டு வச்ச பொய். நாம மாட்டினது கேக்காம சொன்ன உண்மை" என்றார். அந்த வாதம் அன்று முடியவில்லை, இன்றும் முடிந்தபாடில்லை. வங்கி அலுவலர் டச்சிங்கை ஏற்க மாட்டார். நமக்கோ, அவர் தந்தையின் பென்சில்மீது பழைய கோபம் இல்லை. ஆனால் அந்த அம்மையாரே தம் படத்தில் தோடு வரைந்து கேட்கவில்லை என்பதையும் மறக்க இயலவில்லை. உண்மையைத் திருத்த அவர் விரும்பவில்லை. அது வெளிப்படும் காலத்தைத் தாம் குறிக்கவே விரும்பினார்.

அன்று குழுவினர் மூன்று ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, படத்தை முதலில் முழுமையாகப் பார்ப்பது. ஒரு படத்தை அதன் மூலைவிட்டத்தின் அளவு தொலைவில் நின்று பார்க்க வேண்டும் என்பது அச்சுப்படக்காரரிடையே வழங்கும் பழைய கணக்கு. 39-க்கு 29 அங்குலப் படத்துக்கு அது நான்கு அடி. நூலகத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டோம். கோட்டில் நின்று ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தபின்னரே எவரும் முன்னே வரலாம். இரண்டாவது, ஒளியையும் லென்ஸையும் பேசுமுன் படத்திலிருப்பவரின் பெயரைச் சொல்வது. பெயர் தெரியாத படம் அன்று மேசைக்கு வராது. இந்த ஒழுங்கைச் சொல்லும்போது, உருப்பெருக்குக் கண்ணாடியோடு அமர்ந்திருந்த அந்த முதிய குருவின் முகம் நம் முன்னே வந்தது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. படம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முப்பது ஆண்டு கழித்துப் பாடம் புரிந்தது.

மூன்றாவது ஒழுங்கு, முதல் பிரதி படத்திலிருப்பவருக்கே. அதுவும் எந்த அளவில் மாட்டப்போகிறோமோ அந்த அளவில். அஞ்சலட்டை அளவில் காட்டிக் கதவளவில் மாட்டுவதில்லை. இதனால் நம் குழுவின் படங்கள் குறைந்துவிட்டன என்பதை மறைப்பதற்கில்லை. சிலர் வேண்டாம் என்கிறார்கள். சிலர் இந்தப் படம் வேண்டாம், அந்தப் படம் போடுங்கள் என்கிறார்கள். அவர்கள் தேர்வது பல வேளை நம் கண்ணுக்குச் சிறந்ததாக இருப்பதில்லை. இளைஞருக்கு இதில் சில வருத்தங்கள் உண்டு. ஆயினும் முதல் பிரதியைக் கொடுக்கப் போன வீடுகளில் அவர் இப்போது உறவினரைப்போல் ஆகிவிட்டார். உப்பளத்தில் அவரைக் கண்டால், "ராசா, இன்னைக்கு வெளிச்சம் எப்படி?" என்று அவர்களே கேட்கிறார்களாம்.

2025-இல் பேத்தி படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தார். தோடு மீண்டு வந்தது. மகனே மீட்டுக் கொடுத்தார். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, அந்த அம்மையார் நூலகத்துக்கு வந்தார். சுருட்டி வைத்திருந்த அச்சுப்படத்தை மேசைமேல் விரித்தோம். சுண்ணாம்புக் கோடு எதற்கு என்று கேட்டு, அதன்மேல் நின்று தம்மைத் தாமே நெடுநேரம் பார்த்தார். பிறகு இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினோம். தம் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். மற்றதெல்லாம் சரியா என்று கேட்டோம்.

"எல்லாம் சரிதான் சாமி. ஆனா அது துடைப்பக் குச்சியில்ல, வேப்பங்குச்சி. தொடப்பத்தை யாராவது காதுல வைப்பாங்களா?"

எண்மரும் திரும்பிப் படத்தைப் பார்த்தோம்.